மிளகுக்கு எட்டு வாரம்

சித்தி கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள்.

“படிக்கட்டுக்குக் கீழ தட்டு வெச்சிருக்கே, மிதிச்சுட்டியா?”

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா? ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாக்கூட…”

“மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கேன் சித்தி. வான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“வா. செருப்பை வெளியவே விட்டுட்டு வா.”

அந்தத் தட்டுகளை நானும் பார்த்திருந்தேன். நான்கு பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். எலி மருந்து. முந்தின நாள்தான் வீட்டுக்காரர் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் எலியைப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் ஒரு நாய் இருந்தது, அதற்குச் சொறி இருந்தது, அவ்வளவுதான்.

நாயின் பெயர் மிளகு. நான் ஊர் சுற்றக் கிளம்பியபோது ஒரு வயசுக் குட்டி, எண்ணெய் தேய்த்த மாதிரி கறுப்பாக மின்னும். இப்போது சமையலறை வாசலில் படுத்திருந்ததை அதுதான் என்று நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வயிற்றில் முடியே இல்லை. அக்குளில் தோல் தடித்துச் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. காதுக்குள் சிவப்பு. புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்ட எழுந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் உட்கார்ந்து பின்னங்காலால் விலாவைப் பறண்ட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் நிற்கிறவரை சித்தி மூச்சு விடவில்லை.

“கீழ கேட்டிருக்கும்,” என்றாள்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், அவர் மகள், மகளின் ஏழு மாதக் குழந்தை. குழந்தையின் கழுத்தில் ஏதோ தடிப்பு வந்திருக்கிறது. நாயிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மாடிக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாராம். சித்தி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

“‘ரெண்டு மாசம் டைம் தர்றேன்மா. அதுக்குள்ள குணமாகணும். இல்லன்னா நாய் போகணும். நாய் போகலன்னா நீங்க போகணும். கீழ எலி மருந்து வேற வெச்சிருக்கேன். எது தின்னு எது செத்தாலும் நான் பொறுப்பில்ல.’ எதுன்னு சொன்னாருடீ. எலின்னு சொல்லல.”

எங்கள் குடும்பத்தில் சித்தியின் பயம் ஒரு சிரிப்புச் சாமான். “என் தங்கச்சி பொறந்தப்பவே அழல. சத்தம் போட்டா யாராவது திட்டுவாங்களோன்னு பயம்,” என்பாள் அம்மா. லிஃப்டில் ஏற மாட்டாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிக்கிறவர்களிடம், “இருட்டுல பேய் இல்லன்னு நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?” என்று கேட்பாள்.

அவள் பத்தொன்பது வருஷமாக ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஓவன் ஒரு அறை அளவு இருக்கும். சேர்ந்த முதல் வாரம் அதன் கதவைத் திறந்த ஒருவரின் புருவம் பொசுங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கே மாஸ்டரிடம் போய், ஓவனுக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற வேலை எது என்று கேட்டாள். கடைசி மேஜை கிடைத்தது. ஓவனுக்குப் போகும் முன் பன்களின் மேல் அடித்த முட்டையைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். ஒரு பன்னுக்கு இரண்டே இழுப்பு. அங்கே அவளுக்குப் பெயரே ‘பிரஷ் அக்கா’தான். பூசிய கை அவளுடையது என்று பன்னின் பளபளப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.

சித்தப்பா லாரி ஓட்டினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாலையோரம் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி போனில் வந்தது. அதிலிருந்து போன் அடித்தால் அவள் இரண்டு அடி தள்ளிப் போய் நிற்பாள். தனியாக இருக்கப் பயந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேஜையின் நாற்காலியைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவாள். இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

அப்புறம்தான் மிளகு வந்தது. பேக்கரிக்குப் பின்னால், காலி மைதா மூட்டைக்குள் கிடந்தது. எடுக்கும்போது வெள்ளை நாய். உதறினால் கறுப்பு. ஏப்ரனைக் கழற்றி அதில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். படிக்கட்டில் ஏறுவது தெரிந்த காலா தெரியாத காலா என்று அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தெரியாத கால் என்றால் இரண்டு குரைப்பு, தெரிந்த கால் என்றால் ஒரு செருமல். நாற்காலி மேஜைக்குத் திரும்பியது. நான் வந்த அன்று பார்த்தேன், மறுபடி கதவோரம் போயிருந்தது.

மறுநாள் மிளகைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். தூக்கிக்கொண்டு என்றால் உண்மையிலேயே தூக்கிக்கொண்டு. மூன்று மாடி, பதினாலு கிலோ, எதையும் தின்றுவிடாமல் வாயில் மாட்டிய கூடு. தட்டுகள் இருக்கும் அந்தக் கடைசிப் படிகளில் சித்தி அதன் மூக்கைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கால்நடை டாக்டர் குள்ளமான பெண்மணி. கையில் எடுத்த வேலை முடியும்வரை பேச மாட்டார். அக்குள் தோலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவினார். காதுக்குள் பஞ்சை விட்டு எடுத்து இன்னொரு துண்டில் தடவினார். பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் சித்தி என் மணிக்கட்டை நசுக்கி வைத்திருந்தாள்.

“சொறிப்பூச்சி இல்ல. படர்தாமரையும் இல்ல. யாருக்கும் ஒட்டாது. ஈஸ்ட்ங்கற பூஞ்சை நிறைய வளர்ந்திருக்கு, ஆனா அது அரிச்சு அரிச்சு வந்தது. அரிப்பு எதனால வருதுன்னுதான் கண்டுபிடிக்கணும். என்ன சாப்பிடறான்?”

“நல்லாத்தான் டாக்டர் குடுக்கறேன். கோழி, பால், பன்னு. தினம் ஒரு அவிச்ச முட்டை, முடி பளபளன்னு வரும்னு. பேக்கரில விரிசல் விட்ட முட்டையை எடுத்துக்கச் சொல்லுவாங்க.”

“எல்லாத்தையும் நிறுத்துங்க. இதுல ஏதோ ஒண்ணு ஒத்துக்கல போலிருக்கு. இவன் இதுவரைக்கும் சாப்பிடாதது என்ன இருக்கு?”

யோசித்து யோசித்து, மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று தேறியது. ஒரே வகை மீன், அந்தக் கிழங்கு, தண்ணீர். எட்டு வாரம். அதற்கு மேல் இது போதாது, சத்துக் குறையும், அப்போது வேறு யோசிக்கலாம் என்றார். வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு, நுரை பத்து நிமிஷம் தோலில் ஊற வேண்டும். முதல் இரண்டு வாரம் அரிப்புக்கு மாத்திரை, அதையும் அந்த மீனுக்குள் வைத்துத்தான் தர வேண்டும்.

“வேற ஒரு பிஸ்கெட் தூள் உள்ள போனாக்கூட என்னால எதையும் சொல்ல முடியாது. புரியுதா?”

இதைப் போய் யாரிடம் சொல்கிறார். தூள் என்ற வார்த்தையைக் கேட்டதும் சித்தி தன் சேலை மடிப்பை உதறிப் பார்த்தாள்.

ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வீட்டுக்காரர் நின்றபடியே படித்து, நான்காக மடித்து, திருப்பிக் கொடுத்தார். “காகிதத்துல எழுதிட்டா குழந்தைக்கு நின்னுடுமா?” தட்டுகள் அங்கேயே இருந்தன.

அதற்குப் பின் அந்த வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. மீனுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனிக் கத்தி. சித்தி ஒரு நோட்டில் வேளாவேளைக்கு எழுதினாள்: எத்தனை துண்டு மீன், எத்தனை தடவை சொறிந்தான், எந்த இடத்தில். நான் சாப்பிட்டால் பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும், வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஷாம்பு நாளன்று அவள் குளியலறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி மிளகை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிஷம் இரண்டு பேரும் நடுங்குவார்கள். ஒருவன் குளிரில்.

மூன்றாம் வாரம் நல்ல தோலின் ஓரம் தெரிந்தது. மாத்திரை நின்றது. நான்காம் வாரம் மறுபடி சிவந்தது. ஐந்தாம் வாரம் அக்குளில் இரத்தம் கசிகிற அளவுக்குக் கடித்துவைத்திருந்தான்.

அன்று சித்தி வேலை முடிந்து வந்தாள். காயத்தைப் பார்த்தாள். அப்புறம் என் பையைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தரையில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“என்ன தேடறீங்க?”

“நீ எதையாவது குடுக்கறியா?”

“சித்தி.”

“கோவிச்சுக்காதடீ. நீ ஊர் ஊராப் போய், கெடச்சதைத் தின்னு, கெடச்ச எடத்துல படுத்தவ. ஒரு வாய் குடுத்தா குடியா முழுகிடும்னு தோணியிருக்கலாம். பகல் முழுக்க நீதானே அதோட இருக்க.”

“எல்லா ஊர்லயும் நாய் பாத்தேன். எந்த ஊர்லயும் என்னை யாரும் சோதனை போடல.”

“எந்த ஊர்லயும் உனக்கு ஒரு நாய் இல்ல,” என்றாள். குரல் உயரவே இல்லை. எடுத்த சாமான்களை மடித்து மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் மறுபடி டாக்டர். மேஜையின் எஃகுத் தகடு சில்லென்று இருக்கும் என்று, சித்தி மிளகின் படுக்கைத் துணியை விரித்து அதன் மேல் படுக்க வைத்தாள். டாக்டர் நோட்டை முழுவதும் படித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

“யாரும் இவ்வளவு ஒழுங்கா எழுதி நான் பாத்ததில்ல. இதுல தப்பே இல்லையே.”

தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பில்லை என்றால் என்ன செய்வது? நாள்காட்டியில் இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அப்போது அந்த அறையில் ஒரு சத்தம் கேட்டது. சப்பு, சப்பு என்று, குழந்தை பால் குடிக்கிற மாதிரி. மிளகு கண்ணை மூடிக்கொண்டு, படுக்கைத் துணியின் ஓரத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். எனக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

டாக்டர் துணியை மெல்ல இழுத்து, மஞ்சளாகக் காய்ந்திருந்த ஒரு இடத்தை நகத்தால் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

“இது என்னம்மா?”

“என் ஏப்ரன் டாக்டர். நேத்து போட்டது. குட்டில இருந்தே என் வாசனை இல்லன்னா தனியா இருக்க மாட்டான். சாயங்காலம் கழட்டி அவனுக்குப் போடுவேன், மறுநாள் துவைச்சுட்டு அன்னிக்குப் போட்டதைக் குடுப்பேன். அது முட்டை, பன்னு மேல பூசறது, சிந்தி…”

அவ்வளவுதான். மீதி வாக்கியம் வரவில்லை.

பத்தொன்பது வருஷமாக நெஞ்சிலும் வயிற்றிலும் முட்டை சிந்திய ஏப்ரன். அவித்த முட்டையை நிறுத்தினாள், பாத்திரத்தைப் பிரித்தாள், என் பையைச் சோதித்தாள். தினமும் ஒரு புது முட்டைத் துணியைத் தன் கையாலேயே அவன் வாய்க்குக் கீழே விரித்தாள். நான் பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“முட்டைதான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். “ஆனா இதை நிறுத்திட்டு, எட்டு வாரத்தை மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்.”

“எனக்கு மூணு வாரம்தான் இருக்கு டாக்டர்.”

“தோலுக்கு அது தெரியாதும்மா.”

வெளியே வந்து, நடைபாதையில் மிளகைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “வேலியே பயிரை மேஞ்சிருக்கு,” என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “உன் பையை வேற கொட்டினேன்,” என்றாள். மன்னிப்பு அவ்வளவுதான்.

ஏப்ரனைப் பேக்கரியிலேயே விட்டுவிட்டு, கை கழுவி, உடை மாற்றிக்கொண்டு வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்திக்கு அது போதவில்லை. நகக்கண்ணில் இருக்கும் என்றாள். தலைமுடியில் தெறித்திருக்கும் என்றாள். கழுவிக் கழுவி அவள் விரல் இடுக்குகள் வெடித்தன. சாயங்காலம் மிளகு ஓடிவந்து முன்கையை நக்கப் போனால், கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, திருடனிடம் மாட்டியவள் மாதிரி நிற்பாள். அவனும் விளையாட்டு என்று நினைத்துக் குதிப்பான்.

நான்காம் நாள் பேக்கரிக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர் ட்ரேக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், என்னை ஓவனுக்கு மாத்துங்க.”

மாஸ்டர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். “எந்த ஓவனுக்கு?”

“இங்க எத்தனை இருக்கு?”

“அக்கா, தண்ணி குடிங்க. அந்தக் கதவு தொறந்தா நீங்க பாத்ரூம்ல போய் நிப்பீங்க. உங்க கை இல்லாம என் பன்னு மொகத்தைக் கழுவாத மாதிரி இருக்கும்.”

“முட்டையா நெருப்பான்னு கேட்டா நெருப்பு பரவாயில்ல மாஸ்டர். நெருப்பை மிளகு நக்க மாட்டான்.”

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கேலி செய்யவில்லை. நீளக் கையுறையை எடுத்துக் கொடுத்து, கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேரே நிற்கக் கூடாது, முகத்தைத் திருப்பி மூன்று எண்ணிவிட்டு அப்புறம்தான் உள்ளே கையை விட வேண்டும் என்று காட்டினார். முதல் தடவை கதவு திறந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அங்கேயே சூடு முகத்தில் அடித்தது. சித்தி பக்கவாட்டில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எண்ணினாள். மூன்று வந்தது. நான்கு வந்தது. ஏழுவரை போனாள். “அக்கா, பன்னு கருகுது,” என்றார் மாஸ்டர். கண்ணைத் திறந்து, கையை விட்டு, ட்ரேயை இழுத்தாள். அன்றைக்கு அப்படி நாற்பது தடவை இழுத்தாள். ஒன்றில் முன்கையில் ஒரு கோடு சுட்டது.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் மிளகு ஓடிவந்து கையை மோந்தது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. நக்கவில்லை. தும்மிவிட்டுப் பின்வாங்கியது.

சித்தி அப்படியே நின்றாள். “முட்டைக்குத்தானாடா இத்தனை நாளும்?” என்றாள் என்னைப் பார்க்காமல். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏப்ரனுக்குப் பதிலாகத் தன் பழைய துப்பட்டா ஒன்றைத் துவைத்து விரித்தாள். மிளகு அதன் மேல் படுக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நாளும் அவள் மூன்று தடவை அல்ல, ஆறு தடவை அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

கெடு முடிந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் படிக்கட்டில் கால் சத்தம். மிளகு இரண்டு முறை குரைத்தது. சித்தி நாற்காலியைக் கதவிலிருந்து எடுக்க முயன்றாள், கை வழுக்கியது. நான் எடுத்துவைத்தேன். வீட்டுக்காரர் டார்ச் லைட்டுடன் உள்ளே வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“காட்டுங்க.”

சித்தி தரையில் உட்கார்ந்து மிளகை மல்லாக்கப் படுக்க வைத்தாள். அவர் குனிந்து டார்ச் அடித்தார். வயிற்றில் மூன்று நாள் தாடி மாதிரி கறுப்பாக முடி முளைத்திருந்தது. காது வெளிறியிருந்தது. புளித்த வாடை இல்லை. வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. நான் இடது முன்னங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அக்குளில் ஒரு நாணயம் அளவுக்கு இன்னும் சிவப்பு இருந்தது. கால் மடங்கியிருந்ததால் தெரியவில்லை.

சித்தி அந்தக் காலைத் தூக்கிக் காட்டினாள். “இங்க இன்னும் இருக்கு.”

வீட்டுக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கையில் சூட்டுக் கோடுகள் மூன்று.

“நான் கேட்டேனாம்மா?”

“நீங்க அப்புறமாப் பாத்தா, மறைச்சேன்னு சொல்லுவீங்க. இது போக இன்னும் அஞ்சு வாரம் ஆகும். அதுக்குள்ள போகாமலும் இருக்கலாம். டாக்டர் சத்தியம் பண்ணல.”

அவர் டார்ச்சை அணைத்தார். மிளகு புரண்டு எழுந்து, அவர் செருப்பை மோந்துவிட்டு, போய்த் துப்பட்டாவில் படுத்துக்கொண்டது.

“குழந்தைக்கு இன்னும் இருக்கு,” என்றார். “இது ரெண்டு மாசமாக் கீழ கால் வைக்கவே இல்ல. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.” எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “அந்த டாக்டர் லெட்டரைக் குடுங்க, என் பொண்ணு ஒரு தடவை படிக்கட்டும். தட்டை இன்னிக்கே எடுத்துடறேன். எலி இல்ல போலிருக்கு.”

அவர் இறங்கிப் போனதும் சித்தி சிரிப்பாள், அழுவாள், ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன். படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தபடி நின்றாள். நானும் போய் நின்றேன். கீழே வீட்டுக்காரர் குனிந்து, தட்டுகளை ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

“மூணுதான் எடுத்தாரு,” என்றாள் சித்தி. “நாலு இருந்துது.”

இறங்கினோம். படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால், எளிதில் கை எட்டாத மூலையில் நான்காவது தட்டு தள்ளிக்கிடந்தது. சித்தி மண்டியிட்டு, ஓவன் கையுறையைப் போட்ட மாதிரியே கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். உதடு அசைந்தது. மூன்றுவரை எண்ணினாள். தட்டை வெளியே இழுத்து, அதில் இருந்தவற்றையும் எண்ணினாள்.

“பதினெட்டு. சரியா இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினம் வேலைக்குப் போறப்ப எண்ணிட்டுத்தானே போனேன்.”

அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் வாசலில் கொடுத்துவிட்டு, கையை இரண்டு தடவை கழுவி, மாடிக்குப் போய் மிளகின் கழுத்தில் வாரை மாட்டினாள். தூக்கவில்லை. முதல் மாடிவரை அவன் தடதடவென்று இறங்கினான். கடைசிப் படிகளுக்கு வந்ததும் நின்று, தூக்குவாள் என்று முன்னங்கால்களை உயர்த்திக் காட்டினான்.

சித்தி மோட்டாரின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சுவரின் ஓரம் முழுவதும் பார்த்தாள். பிறகு அவன் வாயில் கூட்டை மாட்டி, வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“நடடா,” என்றாள்.